ஜேம்ஸ் வாட்: நீராவி இயந்திரத்தின் பின்னிருந்த நம்பிக்கை

மின்குமிழ் ஒன்றை வாங்கும்போதும் மின்மானியின் முகப்பைப் பார்க்கும்போதும் நாம் காணும் பெயர் வாட். வலுவை அளக்கும் அலகுக்குத் தமது பெயரை விட்டுச் சென்ற ஜேம்ஸ் வாட் மறைந்து இரண்டு நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. கொதிக்கும் கேத்தலின் மூடி எழுந்து தாழ்வதைக் கண்ட சிறுவன் நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தான் என்ற கதையைப் பாடசாலைப் பருவத்தில் கேட்டவர்கள் நம்மிடையே பலர். அக்கதை வரலாற்றுக்கு இரு வகையில் பொருந்தாது. வாட் பிறப்பதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்னரே, 1712இல், தோமஸ் நியூகொமன் என்ற ஆங்கிலேயர் நீராவி இயந்திரத்தை இயக்கிக் காட்டிவிட்டார். இரண்டாவதாக, வாட்டின் சாதனை தனித்திருந்த ஒரு மேதையின் சாதனையன்று. பேராசிரியர், கடன் கொடுத்தவர், ஆலை உரிமையாளர், பீரங்கி வார்த்தவர், கைவினைஞர் எனப் பலரோடு அவர் கொண்டிருந்த தொடர்புகளின் விளைவே அது.

பொறியியலாளரும் முதலீட்டாளரும் ஒருவரையொருவர் எவ்வாறு கண்டடைகின்றனர், எதனால் நம்புகின்றனர், எவ்விடத்தில் பிரிகின்றனர் என்பன முகாமைத்துவத் துறையினர் இன்று விரிவாக ஆராயும் விடயங்களாகும். அத்தகைய ஆய்வுகளுக்கு வாட்டின் வாழ்க்கை சிறந்ததோர் எடுத்துக்காட்டு எனலாம்.

1736ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் கிறீனொக் துறைமுக நகரில் வாட் பிறந்தார். தந்தையார் கப்பல் தொழிலிலும் வணிகத்திலும் ஈடுபட்டிருந்தவர். நோய்வாய்ப்பட்ட பிள்ளையாக வளர்ந்த வாட்டை ஓயாத தலைவலி வாழ்நாளின் பெரும்பகுதியும் வாட்டியது. தந்தையின் பட்டறையிலேயே கருவிகளைக் கையாளக் கற்ற அவர், 1755இல் இலண்டன் சென்று, கருவி செய்வோர் ஏழாண்டுகளில் பெறும் பயிற்சியை ஓராண்டில் பெற்றுத் திரும்பினார். கிளாஸ்கோ நகரில் கடை திறக்க முனைந்தபோது, முறையான பயிற்சிக் காலத்தை நிறைவு செய்யாதவர் என்பதனால் உலோகத் தொழிலாளர் சங்கத்தின் விதிகள் குறுக்கே நின்றன. திறமை இருந்தும் வாயில் மூடப்பட்ட நிலை அது.

அவ்வேளையில் கைகொடுத்தது கிளாஸ்கோ பல்கலைக்கழகமாகும். 1757இல் தனது வளாகத்துக்குள்ளேயே அவருக்கு ஒரு பட்டறையை அது ஒதுக்கியது. பல்கலைக்கழக எல்லைக்குள் நகரச் சங்கத்தின் அதிகாரம் செல்லுபடியாகவில்லை. பட்டம் எதுவும் பெறாத ஓர் இளம் கைவினைஞரின் பட்டறைக்குப் பேராசிரியர்களும் மாணவர்களும் வந்து உரையாடிச் சென்றனர். மறைவெப்பத்தை ஆராய்ந்த ஜோசப் பிளக்கும், பின்னாளில் பேராசிரியராக விளங்கிய ஜோன் ரொபிசனும் அவர்களுள் முக்கியமானவர்கள். அறிவுத்துறையினரும் கைத்தொழில் புரிவோரும் சமமாக அமர்ந்து பேசுவது அரிதாயிருந்த காலத்தில், அந்தச் சிறு பட்டறை அதற்கு இடமளித்தது.

1763-64 குளிர்காலத்தில் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான நியூகொமன் இயந்திரத்தின் மாதிரியொன்று திருத்துவதற்காக வாட்டிடம் வந்து சேர்ந்தது. அவ்வியந்திரத்தில் உருளைக்குள் நீராவியை நிரப்பி, அதன்மேல் குளிர்நீரைத் தெளித்து ஒடுங்கச் செய்வார்கள். அதனால் உண்டாகும் வெற்றிடத்தை நோக்கி வளியமுக்கம் முசலத்தைத் தள்ளும். ஒவ்வொரு அடிப்பின்போதும் உருளை குளிர்ந்து, மீண்டும் சூடேற வேண்டியிருந்ததனால் நீராவியின் பெரும்பகுதி வீணாவதை வாட் அளந்தறிந்தார். இவ்விழப்பின் பின்னாலுள்ள மறைவெப்பத்தின் தன்மையைப் பிளக்குடனான உரையாடல் அவருக்குத் தெளிவாக்கியது. 1765இல், கிளாஸ்கோவின் பசுந்திடலில் ஓய்வுநாள் ஒன்றில் நடந்துகொண்டிருந்தபோது தீர்வு பிறந்தது. நீராவியை உருளைக்கு வெளியே, வேறொரு கலத்தில் ஒடுங்கச் செய்தால் உருளை எப்போதும் சூடாகவே இருக்கும். தனி ஒடுக்கி எனப்படும் அந்த எளிய மாற்றமே பின்னாளில் உலகின் கைத்தொழிலை மாற்றியமைத்தது.

ஆனால் எண்ணம் பிறந்த நாளுக்கும் இயந்திரம் இயங்கிய நாளுக்கும் இடையே பதினோர் ஆண்டுகள் கழிந்தன. நண்பர் பிளக் கடன் கொடுத்துதவினார். கரன் இரும்பாலையை நிறுவியவர்களுள் ஒருவரான ஜோன் ரோபக், வாட்டின் ஏறத்தாழ 1,000 பவுண் கடனைப் பொறுப்பேற்று, கண்டுபிடிப்பின் உரிமையில் மூன்றில் இரு பங்கைப் பெற்றுக்கொண்டார். தமது நிலக்கரிச் சுரங்கங்களில் பெருகும் நீரை இறைக்க அவருக்கு நல்லதோர் இயந்திரம் தேவைப்பட்டது. 1769இல் ஆக்கவுரிமையும் கிடைத்தது. எனினும் காற்றுப் புகாத உருளையொன்றை வார்த்தெடுக்கும் தொழிற்றிறன் அங்கு வாய்க்கவில்லை. குடும்பத்தைக் காப்பாற்ற வாட் கால்வாய்களுக்கான நில அளவைப் பணியில் ஆண்டுக்கணக்கில் அலைந்தார். ரோபக் வங்குரோத்து நிலையை அடைந்தார். 1773இல், வாட் தொலைதூரத்தில் பணியிலிருந்த வேளை, மனைவி மார்கரட் மகப்பேற்றின்போது காலமானார்.

இருண்ட அந்நாட்களில் வாட்டின் வாழ்வைத் திசைதிருப்பியவர் மத்தியூ போல்டன். பேர்மிங்ஹாமுக்கு அருகே சோஹோ என்னுமிடத்தில் பெரும் தொழிற்சாலை நடத்திவந்த அவரை வாட் 1768இல் சந்தித்திருந்தார். மூன்று மாவட்டங்களுக்கு மட்டும் இயந்திரம் செய்யும் உரிமையை ரோபக் வழங்க முன்வந்தபோது போல்டன் அதனை ஏற்கவில்லை. முழு உலகுக்கும் செய்வதாயின் மட்டுமே அது தமக்குப் பயன்தரும் என்பது அவரது நிலைப்பாடு. ரோபக் வீழ்ச்சியுற்றபோது, தமக்கு வரவேண்டிய 1,200 பவுணுக்குப் பதிலாக ஆக்கவுரிமைப் பங்கைப் பெற்றுக்கொள்ள போல்டன் இசைந்தார். ஏனைய கடன்காரர்கள் அப்பங்குக்கு எந்தப் பெறுமதியையும் கொடுக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

1774இல் வாட் பேர்மிங்ஹாமில் குடியேறினார். மறு ஆண்டில் பாராளுமன்றம் ஆக்கவுரிமையை 1800 வரை நீடித்தது. அதே காலத்துக்கு இருவரும் 25 ஆண்டுப் பங்குடைமையில் இணைந்தனர். செலவுகளைப் போல்டன் ஏற்பார், வரைபடங்களும் தொழில்நுட்ப மேற்பார்வையும் வாட்டின் பொறுப்பு, இலாபத்தில் மூன்றில் இரு பங்கு போல்டனுக்கும் ஒரு பங்கு வாட்டுக்கும் என்பதே ஏற்பாடு. இயல்பில் இருவரும் எதிரெதிரானவர்கள். போல்டன் துணிவும் பேச்சுவன்மையும் கொண்டவர். வாட்டோ எதிலும் ஐயுறுபவர். பேரம் பேசுவதை வெறுத்தவர். ஒருவரிடம் இல்லாததை மற்றவர் நிறைவு செய்ததனாலேயே அவ்வுறவு நிலைத்தது.

உருளையின் சிக்கலைத் தீர்த்தவர் மூன்றாமவர் ஒருவர். பீரங்கிக் குழாய்களைத் துல்லியமாகத் துளையிடும் முறையை 1774இல் உருவாக்கிய இரும்பு உற்பத்தியாளர் ஜோன் வில்கின்சனால், வாட் பல்லாண்டுகள் தேடிய உருளையைச் செய்துதர முடிந்தது. 1776இல் முதலிரு இயந்திரங்களும் இயங்கத் தொடங்கின. ஒன்று நிலக்கரிச் சுரங்கத்திலும், மற்றையது வில்கின்சனின் சொந்த உலையிலும் நிறுவப்பட்டன.

விற்பனைக்கு இவர்கள் வகுத்த முறை வணிகம் கற்போர் இன்றும் கவனிக்கத்தக்கது. இயந்திரத்தின் பாகங்களையும் கட்டுமானச் செலவையும் வாடிக்கையாளர் ஏற்பார். பழைய இயந்திரத்தோடு ஒப்பிடுகையில் மிச்சமாகும் நிலக்கரியின் பெறுமதியில் மூன்றில் ஒரு பங்கே நிறுவனத்தின் வருமானம். வாடிக்கையாளர் இலாபம் காணாவிடில் நிறுவனத்துக்கும் இலாபமில்லை. கணக்கில் ஐயம் எழாதிருக்க, அடிப்புகளை எண்ணும் கருவியொன்றைப் பூட்டிய பெட்டிக்குள் பொருத்தினர். பின்னர் சக்கரங்களைச் சுழற்றும் இயந்திரங்கள் வந்தபோது, ஆலைகளில் குதிரைகள் செய்த வேலையே ஒப்பீட்டு அளவாயிற்று. நிமிடத்துக்கு 33,000 அடி-இறாத்தல் வேலையை ஒரு குதிரை வலு என வாட் வரையறுத்தார். முன்பின் அறியாத இருவர் வணிகத்தில் ஒருவரையொருவர் நம்புவதற்குப் பொதுவானதோர் அளவுகோல் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நிலக்கரி கிடைக்காத கோர்ன்வோல் பகுதியின் செப்பு, வெள்ளீயச் சுரங்கங்களே ஆரம்ப கால வாடிக்கையாளர்கள். அங்கு நிறுவனத்தின் முகமாக விளங்கியவர் வில்லியம் மேர்டொக். 1777இல் வேலை தேடி சோஹோவுக்கு வந்த அவர், தாமே கடைந்து செய்த மரத்தொப்பியால் போல்டனின் கவனத்தை ஈர்த்ததாகக் கூறப்படுகின்றது. இயந்திரங்களை நிறுவுவதிலும் பழுதுபார்ப்பதிலும் இரவு பகலாக உழைத்தவர் அவர். சோஹோவுக்கும் கோர்ன்வோலுக்குமிடையே கடிதங்கள் பெருகியபோது, அவற்றைப் பிரதியெடுக்கும் அழுத்தப்பொறியொன்றை வாட் உருவாக்கி 1780இல் ஆக்கவுரிமை பெற்றார். தனிவகை மையால் எழுதிய கடிதத்தின் மீது ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்தினால் பிரதி கிடைக்கும். பேர்மிங்ஹாம் நூலகத்தில் பேணப்படும் இந்நிறுவனத்தின் பெருந்தொகையான ஆவணங்கள், அக்காலத் தொழிலுறவுகளை ஆராய்வோருக்கு இன்றும் மூலாதாரமாக விளங்குகின்றன.

தொழிலுக்கு அப்பாலும் ஒரு வட்டம் இருந்தது. முழுநிலவை அண்டிய நாட்களில், இரவில் வீடு திரும்ப வெளிச்சம் இருக்கும் என்பதனால் அக்காலங்களில் கூடிய அவ்வட்டம் நிலவுக் கழகம் எனப் பெயர்பெற்றது. மருத்துவர் எரஸ்மஸ் டார்வின், மட்பாண்ட உற்பத்தியாளர் ஜோசையா வெஜ்வூட், ஒட்சிசனை ஆராய்ந்த சமயப் போதகர் ஜோசப் பிரீஸ்ட்லி ஆகியோர் அதில் பங்கேற்றனர். அரச திருச்சபையினர், அதனின்று விலகிய பிரிவினர், சமயத்தில் ஐயம் கொண்டோர் என வேறுபட்டவர்கள் ஒரே மேசையில் அமர்ந்து உண்டு, பரிசோதனைகளைப் பகிர்ந்துகொண்டனர். அரசியல், சமயக் காழ்ப்பு அதனை நிலைக்க விடவில்லை. 1791 ஜூலையில் பேர்மிங்ஹாமில் மூண்ட கலவரத்தில் பிரீஸ்ட்லியின் வீடும் நூல்களும் ஆய்வுகூடமும் அழிக்கப்பட்டன. போல்டனும் வாட்டும் தமது தொழிலாளருக்கு ஆயுதம் வழங்கித் தொழிற்சாலையைக் காக்க ஆயத்தமாயினர். பிரீஸ்ட்லி 1794இல் அமெரிக்காவுக்குச் சென்றுவிட்டார். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு, ஓர் இரவின் வன்முறை எத்தனை ஆண்டுகளின் தொடர்பை அறுத்துவிடும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வாட்டின் வாழ்வில் புகழத்தக்கவை மட்டுமே இருந்தன எனக் கூறுவதும் நேர்மையாகாது. ஆக்கவுரிமையைக் காக்க 1790களில் அவரது நிறுவனம் நீண்ட வழக்குகளை நடத்தியது. கோர்ன்வோல் பொறியியலாளர்கள் பலர் அதனால் முடங்கினர். உயர் அமுக்க நீராவி ஆபத்தானது எனக் கருதிய வாட் அத்திசையில் செல்ல மறுத்தார். மேர்டொக் 1784 அளவில் நீராவி வண்டியின் மாதிரியொன்றைச் செய்தபோது, அம்முயற்சிக்கு அவரது முதலாளிகள் ஊக்கமளிக்கவில்லை. ஆக்கவுரிமை முடிவடைந்த பின்னரே ரிச்சட் ட்ரெவிதிக் போன்றோருக்கு வழி திறந்தது. வில்கின்சனோ, உரிமைக் கட்டணம் செலுத்தாமல் இரகசியமாக இயந்திரங்கள் செய்துவந்தது 1790களின் நடுப்பகுதியில் வெளிப்பட, இருபதாண்டுத் தொடர்பு கசப்பில் முடிந்தது.

இன்னுமொரு கறையும் உண்டு. வாட்டின் தந்தையார் ஈடுபட்ட வணிகம் அத்திலாந்திக் குடியேற்றநாடுகளின் விளைபொருட்களோடு பிணைந்திருந்தது. இளம் வாட்டுக்குப் பல்கலைக்கழகத்தில் கிடைத்த முதல் வேலை, ஜமேக்காவில் செல்வம் ஈட்டிய ஒருவர் வழங்கிச் சென்ற வானியல் கருவிகளைச் செப்பனிடுவதாகும். பிற்காலத்தில் அந்நிறுவனத்தின் இயந்திரங்கள் அடிமைகள் உழைத்த மேற்கிந்தியக் கரும்புத் தோட்டங்களுக்கும் விற்கப்பட்டன. ஒப்பந்தமும் நட்பும் நம்பிக்கையும் நிலவிய அவ்வலைப்பின்னலுக்குள் அந்த அடிமைகளுக்கு இடமிருக்கவில்லை. வரலாற்றாசிரியர்கள் அண்மைக்காலமாக இவ்வுண்மையை வெளிக்கொணர்ந்து வருகின்றனர்.

1800இல் பங்குடைமை முடிவுற்றபோது ஏறத்தாழ 450 இயந்திரங்கள் உருவாக்கப்பட்டிருந்தன. தொழிலை மைந்தர்களிடம் ஒப்படைத்துவிட்டு வாட் தமது வீட்டின் மேல்மாடிப் பட்டறையில் கருவிகளோடு காலம் கழித்தார். 1809இல் போல்டனும், 1819 ஓகஸ்ட் 25இல் வாட்டும் மறைந்தனர். ஹான்ட்ஸ்வேர்த் தேவாலயத்தில் இருவரும் அடக்கம் செய்யப்பட்டனர். 1839இல் மறைந்த மேர்டொக்கும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். 2011இல் வெளியாகி 2022 வரை செல்லுபடியான இங்கிலாந்து வங்கியின் 50 பவுண் தாளில் வாட், போல்டன் இருவரின் உருவங்களும் அருகருகே பொறிக்கப்பட்டிருந்தன.

எந்தச் சமூகத்திலும் கூர்மதி படைத்த இளைஞர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்குக் கதவு திறக்கும் பல்கலைக்கழகமும், தோல்விக் காலத்தில் கைவிடாத முதலீட்டாளரும், மொழி, மத வேறுபாடு பாராது கூடிப் பேசும் களமும் வாய்க்கின்றனவா என்பதே கேள்வி. கிளாஸ்கோவின் சங்கம் மூடிய வாயிலோடு வாட் திரும்பிச் சென்றிருந்தால், தனி ஒடுக்கி வேறொருவருக்காகக் காத்திருந்திருக்கும். கல்விக்கூடங்களும் வணிக சமூகமும் இவ்வரலாற்றை மனங்கொண்டு, தம் வாயில்களில் காத்து நிற்போரை ஏறெடுத்துப் பார்ப்பது அவசியமாகும்.