வீட்டுக் கூடத்தில் பிறந்த கணிப்பொறி

ஆய்வுக்கூடத்தில் ஒரு மின்சுற்றை அமைக்கிறோம். உறுப்புகள் தனித்தனியே நன்றாக இருக்கின்றன; ஒன்று சேர்த்ததும் இயங்க மறுக்கின்றன. பிழை எங்கே என்று தெரியாமல் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுவது நம்மில் பலருடைய வழக்கம். இதே நிலையில் நின்ற இளைஞர் ஒருவர், பழுதானது எது, பழுதாகாதது எது என்று பொறுமையோடு பிரித்துப் பார்த்தார். அவரே கணிப்பொறியின் முன்னோடிகளுள் ஒருவராகிய கொன்ராட் சூசே.

சூசே 1910ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் பெர்லின் நகரில் பிறந்தார். தந்தை அஞ்சல்துறை அலுவலர். இளமையிலேயே ஓவியத்திலும் பொறிகளிலும் ஒருங்கே நாட்டம் கொண்ட சூசே, பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடப் பொறியியல் பயின்று 1935இல் பட்டம் பெற்றார். பிறகு ஹென்ஷல் விமானத் தொழிற்சாலையில், விமான உறுப்புகளின் வலிமையைக் கணக்கிடும் வேலையில் அமர்ந்தார். ஒரே வகைக் கணக்கைத் தாள் தாளாகத் திரும்பத் திரும்பப் போடும் வேலை அது. மனிதனுடைய மூளை இதற்காகவா படைக்கப்பட்டது என்ற கேள்வி அவர் உள்ளத்தில் எழுந்தது. வேலையை விட்டார். 1936இல் பெற்றோர் வீட்டுக் கூடத்திலேயே கணிக்கும் பொறி ஒன்றைச் செய்யத் தொடங்கினார்.

பெற்றோரும் சகோதரியும் நண்பர்களும் பணம் கொடுத்து உதவினர். கல்லூரித் தோழர்கள் வந்து உலோகத் தகடுகளை அறுத்துக் கொடுத்தனர். இப்படி ஆயிரக்கணக்கான தகடுகளால் 1938இல் உருவானது இசட்-1. நாம் வழங்கும் பத்து இலக்கங்களுக்குப் பதிலாக ஒன்றும் பூஜ்யமும் மட்டுமே கொண்ட இரும எண்களில் அது கணக்கிட்டது. அது செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை, பயன்படுத்தி முடித்த 35 மில்லிமீட்டர் திரைப்படச் சுருளில் துளைகளாக இடப்பட்டிருந்தது.

ஆனால், பொறி அடிக்கடி இடக்கு செய்தது. சூசே அதனைப் பகுதி பகுதியாக ஆராய்ந்தார். எண்களைச் சேமித்து வைக்கும் நினைவகம் நன்றாகவே வேலை செய்தது. அங்கே ஒரு சிறு முள் இந்தப் பக்கம் இருந்தால் பூஜ்யம், அந்தப் பக்கம் இருந்தால் ஒன்று, அவ்வளவுதான். தொல்லை கணக்கிடும் பகுதியில் இருந்தது. அங்கே ஓர் அசைவு ஒரு தகட்டிலிருந்து இன்னொன்றுக்கும், அதிலிருந்து வேறொன்றுக்கும் கைமாறிச் செல்ல வேண்டும். ஒவ்வோர் இணைப்பிலும் மயிரிழை அளவு பிசகினாலும், பிசகுகள் கூடிக்கூடிக் கடைசித் தகடு சிக்கிக்கொள்ளும்.

நோயை அறிந்தபின் மருந்து தேடுவது எளிது. சூசே பொறி முழுவதையும் தூக்கி எறியவில்லை. பழைய நினைவகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கணக்கிடும் பகுதிக்கு மட்டும் தொலைபேசி நிலையங்களில் வழங்கும் ரிலேக்களைப் பொருத்தினார். இதுவே இசட்-2. அந்த ரிலேக்களும் பழையவை; தொடுமுனைகள் சரியாகத் தொடாமல் அவரை வாட்டின. எனினும் 1940இல் விமான ஆராய்ச்சி நிலையத்தார் பார்க்க வந்த வேளையில் பொறி நன்றாக இயங்கியது! அதன் பயனாக அடுத்த பொறிக்குப் பண உதவி கிடைத்தது.

1941ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் இசட்-3 அறிஞர்கள் முன்னிலையில் இயங்கிக் காட்டியது. முற்றிலும் ரிலேக்களால் ஆன அது, 22 இரும இலக்கங்கள் கொண்ட 64 எண்களை நினைவில் வைத்துக்கொண்டது. இட்ட வேலை வரிசைப்படி தானே இயங்கிய முதல் கணிப்பொறி இதுவே என்பர்.

இங்கே ஒன்றை மறைக்கலாகாது. அது ஹிட்லர் ஆண்ட காலம். சூசேயின் பொறிகள் போர்த்தொழிலுக்கு அப்பாற்பட்டவை அல்ல. ஹென்ஷல் தொழிற்சாலை செய்த பறக்கும் குண்டுகளின் இறக்கைகளுக்கு வேண்டிய கணக்குகளைப் போடவும் அவர் தனிப் பொறி செய்து தந்தார். இணைப்பில் உள்ள பிழையைக் கண்டுபிடிக்கும் அறிவு பெரிது. ஆனால் அப்பொறி யாருக்காக, எதற்காக ஓடுகிறது என்று கேட்கும் அறிவு வேறு. முன்னது இருந்தால் பின்னதும் தானே வந்துவிடும் என்று எண்ணுவது தவறு. இதையும் அவர் வாழ்க்கையிலிருந்தே நாம் கற்க வேண்டும்.

அந்தப் போரே அவர் உழைப்பையும் விழுங்கியது. 1943 டிசம்பரில் விழுந்த குண்டுகளால் இசட்-3 அழிந்தது. அடுத்துச் செய்துகொண்டிருந்த இசட்-4ஐ மட்டும் 1945இல் பெர்லினிலிருந்து அப்புறப்படுத்தி, கடைசியில் ஆல்ப்ஸ் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் சேர்த்தார். அந்தப் பொறியின் கணக்கிடும் பகுதி ரிலேக்களால் ஆனது. நினைவகமோ? மீண்டும் அதே உலோகத் தகடுகள்! பெற்றோர் வீட்டுக் கூடத்தில் நன்றாக உழைத்த அமைப்பை அவர் மறக்கவில்லை. 1950இல் சூரிச் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரி இசட்-4ஐ வாடகைக்கு எடுத்துக்கொண்டது. 1955 வரை அங்கே அது உழைத்தது. ரிலேக்கள் எழுப்பும் ஓசையைக் கேட்டே பொறி ஒழுங்காக ஓடுகிறதா என்று அங்கிருந்தவர்கள் அறிந்தனராம்!

1949இல் சூசே தொடங்கிய நிறுவனம் பல கணிப்பொறிகளைச் செய்து விற்றது. பின்னர்க் கடன் மிகுந்து, 1960களில் பிறர் கைக்கு மாறியது. அவர் தளரவில்லை. முதுமையில் தூரிகை பிடித்து ஓவியம் தீட்டினார். போரில் அழிந்துபோன இசட்-1ஐ 1986 முதல் 1989 வரை மீண்டும் செய்தார். அப்போது அவருக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்று அது பெர்லின் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புதிதாகச் செய்த அந்தப் பொறியும் பழையதைப் போலவே அவ்வப்போது சிக்கிக்கொண்டது என்பது சுவையான செய்தி. 1995ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் அவர் மறைந்தார்.

நண்பர்களே, நம் மேசை மேலும் இயங்க மறுக்கும் சுற்று ஒன்று இருக்கலாம். கோபத்தில் அனைத்தையும் கலைத்துவிட வேண்டாம். அதில் நன்றாக இருப்பது எது என்று முதலில் காண்போம். அதைக் காப்பாற்றிக்கொண்டு, எஞ்சிய இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்போம். இயங்கத் தொடங்கியதும், அது எதற்காக இயங்குகிறது என்றும் ஒரு முறை நம்மையே கேட்டுக்கொள்வோம்.