பிரைட்னர் போட்ட வரி

வியன்னா நகரின் தொழிலாளர் வீடுகளைப் பற்றிப் பேசுவோர், அவற்றுக்குப் படம் வரைந்த சிற்பிகளைச் சொல்வார்கள். மேயர் கார்ல் சைட்சைச் சொல்வார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் ஹூகோ பிரைட்னர் என்ற பெயர் வரும். நாம் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறோம்.

1873ஆம் ஆண்டு வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் பிரைட்னர். வங்கியில் சாதாரண ஊழியராகச் சேர்ந்து இயக்குநர் பதவி வரை உயர்ந்தார். உயர்ந்த பிறகு கீழே இருப்போரை மறப்பது உலக வழக்கம். இவரோ வங்கி ஊழியர்களுக்குச் சங்கம் காண உழைத்தவர். சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்.

அன்றைய வியன்னாவில் தொழிலாளி வாழ்ந்த நிலை என்ன? மாடி மாடியாக உயர்ந்த கட்டடங்கள். வெளியே பார்த்தால் அரண்மனை போன்ற முகப்பு. உள்ளே, நடைபாதையில் பல குடும்பங்களுக்கு ஒரே தண்ணீர்க் குழாய், அந்த நடைபாதையிலேயே பொதுக் கழிப்பிடம். வாடகை கட்ட முடியாத குடும்பம், தன் ஒற்றை அறையில் ஒரு படுக்கையை வேற்று ஆளுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடும். இரவு வேலைக்காரன் எழுந்து போனதும் பகல் வேலைக்காரன் வந்து படுப்பான். காசநோய்க்கு வியன்னா நோய் என்றே பெயர் வந்தது!

1918இல் மன்னராட்சி வீழ்ந்தது. 1919இல் ஆணும் பெண்ணும் சமமாக வாக்களித்த நகரசபைத் தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி வென்றது. நிதிப் பொறுப்பு பிரைட்னர் கைக்கு வந்தது. கஜானாவோ காலி. போரில் தோற்ற நாடு. காலையில் இருந்த விலை மாலையில் இல்லாத பணவீக்கம். போர்க்காலத்தில் 1917இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்ற முடியவில்லை. லாபமில்லாத இடத்தில் முதலாளி செங்கல் அடுக்குவானா? தனியார் கட்டுவது நின்றது. நகரம்தான் கட்டவேண்டும் என்றாயிற்று.

1922 ஜனவரி முதல் நாள் வியன்னா தனி மாநிலமானது. வரி போடும் அதிகாரம் அதோடு வந்தது. மாநில அதிகாரம் என்றதும் முகம் சுளிப்போர், இந்த ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளட்டும்!

அதிகாரம் வந்ததும் பிரைட்னர் யார் மீது வரி போட்டார்? ஷாம்பெயின் குடிப்பவர் மீது. பந்தயக் குதிரை வைத்திருப்பவர் மீது. மோட்டார் கார் மீது. கேளிக்கை விடுதிகள் மீது. வீட்டில் ஒரு வேலைக்காரர் இருந்தால் வரி கிடையாது. இரண்டாமவர் முதல் வரி. ஆள் ஏற ஏற வரியும் ஏறும். பள்ளிப் பிள்ளைகளின் பல் வைத்தியச் செலவை நகரின் பெரிய பலகாரக் கடைகளின் வரி தருகிறது என்று அவரே கணக்குக் காட்டுவார். இப்படி வெளிப்படையாகச் சொல்லும் நிதியமைச்சரைச் செல்வர் எப்படிப் பொறுப்பர்?

1923இல் வந்தது வீட்டு வரி. எல்லா வீட்டுக்கும் உண்டு. தொழிலாளியும் கட்டினான், மறைக்கவில்லை. ஆனால் அவன் கட்டியது சொற்பம். மிக விலையுயர்ந்த அரை சதவீத வீடுகளும் கட்டடங்களும் மட்டுமே அந்த வரியில் ஏறக்குறைய 45 சதவீதத்தைக் கட்டின. அந்த வரி வீடு கட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. கடன் வாங்கிக் கட்டுவதை வங்கியிலிருந்து வந்த இந்த மனிதர் விரும்பவில்லை. கடனுக்கு வட்டி உண்டு; அந்த வட்டி வாடகையில்தான் விடியும் என்பது அவருக்குத் தெரியாதா? வரிப்பணத்தில் கட்டியதால் பராமரிப்புக்கும் அன்றாடச் செலவுக்கும் போதுமான வாடகை வாங்கினால் போதும். தொழிலாளியின் சம்பளத்தில் அது 4 சதவீதம் அளவே ஆயிற்று.

1934க்குள் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். வீடுகள் சிறியவை, 38, 48 சதுர மீட்டர் என்ற அளவு. போதாது என்று அன்றே குறை சொன்னார்கள். குறையில் உண்மையும் இருந்தது. ஆனால் வீட்டுக்குள்ளேயே குழாயும் கழிப்பிடமும் இருந்தன. யாருக்கு எவ்வளவு தேவை என்று புள்ளி போட்டு வீடு ஒதுக்கினார்கள். கார்ல் எஹ்ன் வரைந்து 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் குடியிருப்பு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1,382 வீடுகள். மனையில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கட்டடம் இல்லை. மீதியெல்லாம் மரமும் புல்லும் குழந்தைகள் ஆடும் முற்றமும். இயந்திரம் வைத்த பொதுச் சலவைக்கூடம், குளியலறைகள், குழந்தைகள் பள்ளி, நூலகம், பல் மருத்துவமனை, தாய்மாருக்கு ஆலோசனை நிலையம், மருந்துக் கடை எல்லாம் அங்கேயே. துணி துவைப்பதில் ஒரு நாளை இழந்த தாய்மாருக்கு அந்தச் சலவைக்கூடம் என்னவாக இருந்திருக்கும் என்பதை நம் தோழர்கள் வீட்டில் கேட்டுப் பார்க்கலாம்.

பகைவர்கள் சும்மா இருக்கவில்லை. வரி கொடுப்பதைவிட வரி போட்டவரை ஒழிப்பது எளிது என்று நினைத்தார்கள். யூதர் என்ற வசை வேறு. 1930இல் ஆயுதப் படைத் தலைவர் ஸ்டாரெம்பெர்க், பிரைட்னரின் தலை மண்ணில் உருளவேண்டும் என்று பொதுமேடையிலேயே முழங்கினார். 1931இல் மத்திய அரசு, வரிப் பங்கீட்டில் வியன்னாவின் பங்கை வெட்டியது. வீடு கட்டும் கையை அந்த வெட்டு முடக்கியது. உடல்நலம் கெட்ட பிரைட்னர் 1932இல் பதவி விலகினார்.

1934 பிப்ரவரியில் டோல்பஸ் அரசு கார்ல் மார்க்ஸ் குடியிருப்பின் மீது பீரங்கியால் சுட்டது. தொழிலாளர் எதிர்த்து நின்றனர்; தோற்றனர். மேயர் சைட்ஸ் கைதானார், பிரைட்னரும் கைதானார். 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது பிரைட்னர் நாட்டைவிட்டு வெளியேறி, பின்னர் அமெரிக்கா சேர்ந்தார். போர் முடிந்து ஊர் திரும்பும் நினைவிலிருந்தபோது, 1946 மார்ச்சில் கலிபோர்னியாவில் மாண்டார்.

வியன்னாவில் அவர் பெயரால் ஒரு பெரிய குடியிருப்பு இருக்கிறது. நகரத்துக்குச் சொந்தமாக இன்று ஏறக்குறைய 2,20,000 வீடுகள் உள்ளன. மக்களில் நாலில் ஒருவர் அவற்றில் வாழ்கிறார். பழைய கட்டடங்களின் சுவரில் பெரிய சிவப்பு எழுத்துகள் இன்றும் தெரிகின்றன. வீட்டு வரிப் பணத்தில் வியன்னா நகரம் கட்டியது என்று எழுதி, கட்டிய ஆண்டையும் அதில் போட்டிருக்கிறார்கள்.