வேலையை ஒப்படைக்கத் தெரிந்த முதலாளி: ஆண்ட்ரூ கார்னெகி

வியாபாரம் சிறிதாக இருக்கும்வரை முதலாளி ஒருவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம். சரக்கெடுப்பதும், தராசு பிடிப்பதும், பேரேடு எழுதுவதும் ஒரே கையால் நடந்துவிடும். வியாபாரம் வளர்ந்துவிட்டால் பிறரிடம் வேலையை ஒப்படைத்தே தீரவேண்டும். எதை ஒப்படைப்பது, எதை நம் கையில் வைத்துக்கொள்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறோம். இதை அறிந்துகொள்ள அமெரிக்காவின் உருக்குச் சீமான் ஆண்ட்ரூ கார்னெகியின் வாழ்க்கை மிகவும் உதவும். அவர் பெற்ற வெற்றியிலும் பாடம் உண்டு. அவருக்கு வந்த பழியிலும் பாடம் உண்டு. ஆகவே இரண்டையும் இங்கே எழுதுகிறோம்.

ஸ்காட்லாந்தில் டன்ஃபர்ம்லின் என்னும் ஊரில் 1835-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி கார்னெகி பிறந்தார். தகப்பனார் கைத்தறி நெசவாளி. நீராவித் தறிகள் வந்தபின் கைத்தறிக்கு வேலையில்லாமற் போயிற்று. 1848-ல் குடும்பத்தார் கடன் வாங்கிக் கப்பலேறி அமெரிக்கா சென்று, பிட்ஸ்பர்க் நகரை அடுத்த அலெகெனியில் குடியேறினார்கள். பஞ்சாலையில் நூற்கட்டை மாற்றும் வேலைக்குப் போன சிறுவனுக்கு வாரக்கூலி ஒரு டாலர் இருபது காசு. அடுத்த ஆண்டு தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தார். கருவியின் ஓசையைக் காதால் கேட்டே தந்தியை எழுதும் திறமை அவருக்குச் சீக்கிரமே வந்துவிட்டது.

அந்தத் திறமையைக் கண்டு 1853-ல் பென்சில்வேனியா ரயில்வேயின் அதிகாரியான தாமஸ் ஸ்காட் அவரைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டார். ஒரு நாள் காலை ஸ்காட் ஆபீசுக்கு வருமுன்னரே, பாதையில் நேர்ந்த விபத்தினால் வண்டிகள் ஆங்காங்கே நின்றுபோயின. அவற்றை நகர்த்த உத்தரவிடும் அதிகாரம் ஸ்காட் ஒருவருக்கே உண்டு. ஸ்காட் என்ன உத்தரவு கொடுப்பார் என்பது கார்னெகிக்கு நன்றாகத் தெரியும். எனவே அவர் பெயரிலேயே தந்திகளை அனுப்பி, ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கவனித்து, எல்லா வண்டிகளையும் ஓடவைத்துவிட்டார். பிறகு வந்த ஸ்காட் தந்திகளையெல்லாம் பார்த்தார், பாராட்டவுமில்லை, கண்டிக்கவுமில்லை. ஆனால் அதுமுதல் அந்த வேலையைப் பெரும்பாலும் இளைஞனிடமே விட்டுவிட்டார். இதைக் கார்னெகி தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1859-ல், இருபத்து நான்காம் வயதில், அந்த ரயில்வேயின் மேற்குப் பகுதிக்கு அவரே மேலதிகாரியானார்.

தம்மை நம்பி ஒருவர் வேலையை விட்டதால் முன்னேறிய கார்னெகி, பிற்பாடு மற்றவர்களிடமும் அவ்வாறே நடந்துகொண்டார். 1875-ல் பிட்ஸ்பர்க் அருகே பிராடாக் என்னுமிடத்தில் அவருடைய எட்கர் தாம்சன் உருக்கு ஆலை வேலை தொடங்கியது. அவரோ உருக்குக் காய்ச்சும் தொழிலாளியல்லர். குடியிருந்ததும் ஆலைக்கு வெகு தூரத்திலுள்ள நியூயார்க்கில். கோடைக் காலங்களில் ஸ்காட்லாந்துக்குப் போய்விடுவார். ஆலையை நடத்தியவர் கேப்டன் பில் ஜோன்ஸ் என்னும் கைதேர்ந்த தொழில் நிபுணர். அவருக்குக் கூட்டு கொடுக்கக் கார்னெகி முன்வந்தார். ஜோன்ஸ் கூட்டு வேண்டாமென்று மறுத்து, நல்ல சம்பளமே போதுமென்றார். ஆண்டுக்கு 25,000 டாலர் சம்பளம் அவருக்குக் கொடுக்கப்பட்டது.

மற்றத் திறமைசாலிகளுக்குச் சிறு சிறு பங்கு ஒதுக்கினார். கையில் முதல் இல்லாதவர்களுக்கு அந்தப் பங்கின் விலையை லாபத்திலிருந்தே கழித்துக்கொண்டார். பிராடாக் ஆலையில் கீழ்மட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த சார்லஸ் ஷ்வாப் 1897-ல் கார்னெகி கம்பெனிக்கே தலைவரானார். ஆனால் பாதிக்கு மேற்பட்ட பங்கைக் கார்னெகி எப்போதும் தம்மிடமே வைத்துக்கொண்டார்.

கணக்கையும் அவர் விட்டுவிடவில்லை. இரும்புக்கு எவ்வளவு, கரிக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனியே செலவுப் பட்டியல் அவருக்கு வந்துசேரவேண்டும். எந்த ஊரில் இருந்தாலும் அதைப் படித்துவிட்டு, ஏன் கூடிற்று, ஏன் குறைந்தது என்று கேட்டுக் கடிதம் எழுதுவார். வேலை பிறரிடம், கணக்கு தம்மிடம் என்பது அவர் வழக்கம். அவர் ஸ்தாபனம் வளர்ந்ததற்கு இது ஒரு பெரிய காரணம் என்றே நாம் நினைக்கிறோம்.

இனி அவர் தவறிய இடத்தைப் பார்ப்போம். 1889-ல் ஹென்றி ஃப்ரிக் என்பவரிடம் கம்பெனி நிர்வாகம் கொடுக்கப்பட்டது. ஃப்ரிக் கெட்டிக்காரர், ஆனால் தொழிற்சங்கம் என்றாலே ஆகாதவர். தொழிலாளர் சங்கம் சேர்வதற்கு உரிமையுண்டு என்று 1886-ல் பத்திரிகையில் எழுதியவர் கார்னெகி. அப்படிப்பட்டவர், 1892-ல் ஹோம்ஸ்டெட் ஆலையின் கூலி ஒப்பந்தம் முடியும் தறுவாயில், பிரச்சினை முழுவதையும் ஃப்ரிக்கிடம் விட்டு ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டார். ஃப்ரிக்கின் கடுமையான போக்கை ஆதரித்தே அங்கிருந்து கடிதம் எழுதினார்.

ஃப்ரிக் ஆலையை மூடித் தொழிலாளரை வெளியே நிறுத்தினார். ஜூலை 6-ந் தேதி, பிங்கர்ட்டன் கம்பெனியின் ஆயுதக் காவலர் சுமார் 300 பேர் படகுகளில் ஆற்றுவழியே வந்தார்கள். கரையில் நின்ற தொழிலாளருக்கும் அவர்களுக்கும் சண்டை மூண்டது. இரு தரப்பிலுமாகச் சுமார் பத்துப் பேர் மாண்டார்கள். சில நாளில் மாகாணப் படை வந்து ஊரைக் காவல் செய்தது. நவம்பரில் தொழிலாளர் தோற்றார்கள்; அவர்கள் சங்கமும் அங்கே ஒழிந்தது.

கார்னெகி திரும்பி வரவில்லை. காவலர்களை அனுப்பியது பிசகு என்று பிறகு அந்தரங்கக் கடிதத்தில் ஒப்புக்கொண்டார். சுயசரிதையிலோ, தாம் அச்சமயம் தொலைவில் இருந்ததையே எடுத்துச் சொன்னார். ஊரார் அதை ஏற்கவில்லை. பெரும் பங்குக்கு உரியவர் அவர். ஃப்ரிக்குக்கு அதிகாரம் கொடுத்தவரும் அவர். இறந்தவர்களின் குடும்பத்தார் பதிலுக்கு வேறு யாரிடம் போவார்கள்?

1901-ல் ஸ்தாபனத்தை 48 கோடி டாலருக்கு விற்றார். செல்வத்தின் பெரும்பகுதியைத் தருமத்துக்குக் கொடுத்து, உலகெங்கும் 2,500-க்கு மேற்பட்ட நூல்நிலையங்கள் எழும்பச் செய்தார். 1919-ம் ஆண்டு ஆகஸ்ட் 11-ந் தேதி காலமானார். அத்தனை நூல்நிலையங்கள் கட்டியும் ஹோம்ஸ்டெட் பெயர் அவரை விட்டுப் போகவில்லை.

நம்மில் பலர் கடையை ஒரு தம்பியிடமோ கணக்கப்பிள்ளையிடமோ விட்டுவிட்டு ஊருக்குப் போய் வருகிறோம். எந்தக் காரியத்தை அவரே முடிவு செய்யலாம், எதை நம்மிடம் கேட்டுச் செய்யவேண்டும் என்று போகுமுன் தெளிவாகச் சொல்லிவைப்போம். நல்ல சம்பளமோ பங்கோ கொடுப்போம். கணக்கை வாரந்தோறும் பார்ப்போம். வாடிக்கைக்காரருக்கோ வேலையாளுக்கோ அநியாயம் நடந்துவிட்டால், நாம் ஊரில் இல்லை என்று ஒதுங்காமல், முன்வந்து பதில் சொல்வோம். அந்தப் பொறுப்பைச் சம்பளம் கொடுத்து இன்னொருவரிடம் ஒப்படைக்க முடியாது. அன்பர்கள் இதைச் சிந்தித்துப் பார்ப்பார்களாக.