பறக்க மறுத்த பொம்மை

1878ஆம் ஆண்டு அமெரிக்காவில், பதினொரு வயது வில்பர் ரைட்டுக்கும் தம்பி ஆர்விலுக்கும் தந்தை ஒரு பொம்மை வாங்கி வந்தார். மூங்கில், தக்கை, காகிதம் ஆகியவற்றால் ஆன அது, முறுக்கிய இரப்பர் பட்டையின் விசையால் கூரைவரை பறந்தது. விரைவிலேயே உடைந்தும் போனது. சிறுவர்கள் அதுபோலத் தாங்களே செய்தனர். சிறியவை நன்றாகப் பறந்தன. பெரியவையோ மேலெழவே மறுத்தன. அளவு இருமடங்கானால் விசை எட்டு மடங்கு வேண்டும் என்பதை அவர்கள் அறியவில்லை. மனம் சோர்ந்து, பட்டம் விடத் திரும்பினர்.

வளர்ந்தபின் இருவரும் அளந்து பார்க்கத் தொடங்கினர். 1901இல் மரப்பெட்டிக்குள் விசிறியால் காற்றைச் செலுத்தி, ஏறத்தாழ 200 சிறு இறக்கைகளைச் சோதித்தனர். 1903 டிசம்பர் 17 அன்று வில்பர் விமானத்தில் 59 விநாடிகள் பறந்தார். 1912இல், 45ஆம் வயதில், காய்ச்சலால் மறைந்தார்.