`எதுவும் வராது' என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடம் பாடம் கற்ற டாக்டர்... மரியா மாண்டிசோரியின் கதை!

`மாண்டிசோரி ஸ்கூல்'னு ஒரு போர்டையாவது நீங்க கடந்து போயிருப்பீங்க. கலர் கலரா மரக்கட்டைகள், குட்டி நாற்காலிகள், கொஞ்சம் அதிகமான ஃபீஸ்... இதுதானே ஞாபகத்துக்கு வருது? ஆனா, அந்தக் கல்விமுறை முதன்முதலில் பிறந்தது வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்காக இல்லை. அறிவுசார் குறைபாடு இருக்கிறது என்று சொல்லி, மனநல விடுதிகளில் அடைத்துவைக்கப்பட்ட குழந்தைகளுக்காக!

மரியா மாண்டிசோரி, 1870 ஆகஸ்ட் 31-ம் தேதி இத்தாலியின் கியாரவல்லே என்ற ஊரில் பிறந்தவர். பெண்களுக்கு மருத்துவப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது. ஆண்களோடு சேர்ந்து சடலத்தை அறுத்துப் படிக்கக் கூடாது என்பதால், எல்லோரும் போன பிறகு தனியாகப் பிணவறையில் நின்று படித்தார். 1896-ல் டாக்டர் ஆனார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களில் அவரும் ஒருவர்.

ரோம் பல்கலைக்கழகத்தின் மனநலப் பிரிவில் வேலை. அதற்காக விடுதிகளுக்குப் போனபோதுதான் அந்தக் குழந்தைகளைப் பார்த்தார். சாப்பிட்டு முடித்ததும் தரையில் கிடக்கும் ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குகிறார்கள் என்று பணிப்பெண் சலித்துக்கொண்டதாகச் சொல்வார்கள். மாண்டிசோரி அறையைச் சுற்றிப் பார்த்தார். தொட்டு விளையாட அங்கே ஒரு பொருள்கூட இல்லை. பசி வயிற்றில் இல்லை, விரல்களில் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

இத்தார், செகேன் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் இதே பாதையில் முன்பே நடந்திருந்தார்கள். அவர்களுடைய நூல்களைத் தேடிப்பிடித்து, கையாலேயே இத்தாலிய மொழியில் எழுதி எழுதிப் படித்தார். 1900-ல் ரோமில் இந்தக் குழந்தைகளுக்கான சிறப்புப் பள்ளி தொடங்கியபோது, அதை நடத்தும் பொறுப்பு அவருக்கும் சக மருத்துவர் மொண்டெசானோவுக்கும் வந்தது. காலை 8 மணியிலிருந்து இரவு 7 மணி வரை குழந்தைகளோடுதான் இருப்பார்.

11 வயதுச் சிறுமி ஒருத்திக்கு எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் தையல் வரவில்லை. மாண்டிசோரி ஊசியை ஓரம் வைத்துவிட்டு, காகிதப் பட்டைகளை மேலும் கீழும் கொடுத்துப் பாய் போலப் பின்ன வைத்தார். அது நன்றாகப் பழகிய பிறகு ஊசியைக் கொடுத்தால், தையல் வந்துவிட்டது! ஒரு வேலை வரவில்லை என்றால், அதற்கு முந்தைய படி என்ன என்று தேட வேண்டும். இன்றும் சிறப்பு ஆசிரியர்கள் சட்டை பட்டன் போடுவதைக்கூட இப்படித்தான் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துச் சொல்லித் தர்றாங்க.

விரலால் தடவிப் பழக மர எழுத்துகள் செய்தார். பின்னாளில் அவைதான் உப்புத்தாள் எழுத்துகளாக மாறின. அவரிடம் படித்த சில குழந்தைகள், மற்ற பிள்ளைகள் எழுதும் அதே பொதுத்தேர்வில் தேறினார்கள். ஊரே பாராட்டியபோது அவர் மனதில் வேறு கேள்வி ஓடியது. ஆரோக்கியமான பிள்ளைகளும் இதே அளவில்தான் நிற்கிறார்கள் என்றால், நம் பள்ளிகள் அவர்களை என்ன செய்துவைத்திருக்கின்றன? அந்தக் கேள்விதான் 1907 ஜனவரி 6-ம் தேதி, சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில் முதல் `குழந்தைகள் இல்லம்' ஆனது.

வெளியே தெரியாத ஒரு வலியும் அவருக்கு இருந்தது. மொண்டெசானோவுடனான காதலில் 1898-ல் மகன் மரியோ பிறந்தான். திருமணம் ஆகாத தாய் என்று தெரிந்தால் வேலை, பெயர் எல்லாமே போய்விடும். குழந்தை ஒரு கிராமத்துக் குடும்பத்தில் வளர்ந்தான். அவர் போய்ப் பார்த்துவிட்டு வருவார். உலகத்துக் குழந்தைகளைப் புரிந்துகொண்டவருக்கு, சொந்தக் குழந்தை கைக்கு வர சுமார் 15 வருஷம் ஆனது. அப்போதும் ஊருக்கு அவன் `உறவுக்காரப் பையன்'தான்.

இந்தக் கதை நம்ம ஊருக்கும் வருது. 1939-ல், பிரம்மஞான சபையின் அழைப்பில் மரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். அப்போது வயது 69. சுமார் 300 பேருக்குப் பயிற்சி கொடுத்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கில அரசு மரியோவை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனது. மாண்டிசோரி அடையாறை விட்டு வெளியே போகத் தடை. அவருடைய 70-வது பிறந்தநாளன்று வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனை விடுவிக்கிறார்களாம். 42 வருஷம் மறைத்துவைத்த உறவை ஓர் அரசாங்கத் தந்தி வெளிப்படையாகச் சொன்னது!

பிறகு இருவரும் கொடைக்கானலில் தங்கி, இலை, பூ, உயிரினங்களைக் கொண்டு பாடங்கள் உருவாக்கினார்கள். 1952 மே 6-ம் தேதி நெதர்லாந்தில் மாண்டிசோரி இறந்தார்.

சரி, இதுல உங்களுக்கு என்ன இருக்கு? கலசப்பாக்கத்திலோ, ஜவ்வாது மலை மேல இருக்கிற ஒரு கிராமத்திலோ உங்க அக்காவோட குழந்தை ஒரு வயசு தாண்டியும் பேர் சொன்னா திரும்பிப் பார்க்கலையா? 2 வயசாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசலையா? `தானா சரியாகிடும்'னு காத்திருக்க வேண்டாம், `நீ சரியா வளர்க்கலை'னு அக்கா மேல பழி போடவும் வேண்டாம். அங்கன்வாடியில் சொல்லுங்க. பிறப்பு முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதிக்க அரசு மருத்துவக் குழு இருக்கு. தேவைப்பட்டா மாவட்டத் தொடக்கநிலை சிகிச்சை மையத்துக்கு அனுப்புவாங்க. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவிகிதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை.

அதுவரை வீட்டிலேயே மாவு பிசையலாம், பட்டாணி உரிக்கலாம், மணல்ல எழுதலாம். அந்தக் குழந்தைக்கு வேலை கொடுங்க, நேரம் கொடுங்க. அக்காவுக்கு ஒருநாள் ஓய்வும் கொடுங்க!