மொன்ரிசோரி என்றொரு அம்மையார்



திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஓர்ஸ் ஹில்லில் நீங்கள் குடியிருந்தாலும் சரி, நாட்டின் வேறெந்த மூலையில் இருந்தாலும் சரி, வீட்டுக் கடைக்குட்டியை மொன்ரிசோரிக்கு அனுப்பியிருப்பீர்கள். பாலர் வகுப்பு என்றாலே நம் வாயில் வரும் சொல் அதுதான். அது ஓர் அம்மையாரின் பெயர் என்பதும், அவர் இலங்கைக்கே வந்து ஆசிரியர்களைப் பயிற்றியவர் என்பதும் எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

மரியா மொன்ரிசோரி 1870 ஆகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியில், கத்தோலிக்கக் குடும்பமொன்றிலே பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பது அபூர்வமாயிருந்த அக்காலத்தில், 1896இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார். மூளை வளர்ச்சி குன்றியவர்கள் என ஒதுக்கப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. இவர்களுக்கு வேண்டியது மருந்தல்ல, கைக்கு வேலை தரும் பொருட்களே என்று கண்டார். பிரெஞ்சு வைத்தியர்களான இதார், செகென் ஆகியோரின் வழியைப் பின்பற்றிக் கருவிகள் செய்வித்தார். அப்பிள்ளைகள் எழுத வாசிக்கக் கற்றார்கள். அப்படியானால் சுகமான பிள்ளைகள் பாடசாலையில் ஏன் பின்தங்குகிறார்கள் என்ற கேள்வி அவர் மனதைக் குடைந்தது.

1907 ஜனவரி 6ஆம் திகதி, மூன்று இராசாக்கள் திருநாளன்று, உரோமையின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் முதலாவது சிறுவர் இல்லம் திறக்கப்பட்டது. கட்டட உரிமையாளருக்குக் கல்வியில் அக்கறை இருந்ததென்று எண்ணிவிடாதீர்கள். பெற்றோர் வேலைக்குப் போன நேரத்தில் பிள்ளைகள் சுவர்களைப் பழுதாக்காமல் இருந்தால் போதும் என்பதே அவர்கள் கவலை. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பெண்ணும் ஆசிரியப் பயிற்சி பெற்றவரல்லர். அது நல்லதாய்ப் போயிற்று என்றே அம்மையார் கருதினார்.

அங்கே நடந்ததைக் கவனியுங்கள். ஒரு மரக்கட்டையில் பத்துக் குழிகள்; அவற்றுக்குப் பொருந்தும் பத்து உருளைகள். ஒன்றைப் பிழையான குழியில் வைத்தால் கடைசியில் ஒன்று பொருந்தாமல் கையில் நிற்கும். பிழை என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை, கட்டையே சொல்லிவிடுகிறது. பிள்ளை எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி தொடங்கும். சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவித் தடவி, பென்சில் பிடிக்குமுன்பே எழுத்தின் வடிவத்தைக் கை அறிந்துகொள்ளும். ஒருநாள் அலுமாரியைப் பூட்ட மறந்துவிட்டார்கள். பிள்ளைகள் தாமாகவே வேண்டியதை எடுத்து வேலை செய்யத் தொடங்கினர். அதன்பின் அலுமாரிகள் பதிவாகவும் திறந்தபடியும் வைக்கப்பட்டன.

ஆசிரியரின் வேலை இதனால் குறைந்துவிடவில்லை, முன்னையிலும் கடினமாயிற்று. பேசிக்கொண்டே இருக்க முடியாது. எப்போது கருவியைக் காட்டுவது, எப்போது விலகி நிற்பது என்று ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்துப் பார்த்துத்தான் அறியவேண்டும். அதைப் பயிற்றவே 1913 முதல் நாடுநாடாய்ச் சென்று ஆசிரியர்களுக்கு வகுப்பு நடத்தினார்.

1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். அழைத்தவர்கள் பிரம்மஞான சபையார் என்பது உங்களுக்கு வியப்பாயிருக்கலாம். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மகன் மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, ஏறத்தாழ 300 பேர் கேட்டனர். இந்த மகனின் கதை வேதனையானது. விவாகமாகாத நிலையில் பெற்ற பிள்ளையை அவரால் தம்மோடு வைத்து வளர்க்க முடியவில்லை. வேறொரு குடும்பத்திலேயே வளர்ந்தான். உலகத்துப் பிள்ளைகளுக்காக உழைத்தவருக்கு அந்தப் பாரமும் இருந்தது.

1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் ஆங்கிலேய அரசு மரியோவை எதிரிநாட்டவர் என்று முகாமில் அடைத்தது. அம்மையாரை அடையாறு வளவுக்குள் இருத்தியது. அவரது எழுபதாவது பிறந்தநாளில் மகனை விடுவித்தார்கள். திருகோணமலைத் துறைமுகத்தில் ஜப்பானியர் குண்டு வீசிய 1942இல் அவர் கொடைக்கானல் மலைக்குச் சென்றார். அங்கே சிறுவர்களோடு இலை, பூச்சி, நட்சத்திரம் என்று பாடங்களை விரித்தார். 1944இல் இலங்கை வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார்.

1952 மே 6ஆம் திகதி ஒல்லாந்தில் கடலோர ஊரான நோர்ட்வைக்கில் உயிர் நீத்தார். அவ்வூர்க் கத்தோலிக்கச் சேமக்காலையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய பெயரை எவரும் பெயர்ப்பலகையில் எழுதிவிடலாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் கொடுத்து, ஓரிடத்தில் அசையாது இருத்தி, கோரசாக ஒப்புவிக்கச் செய்யும் இடங்களிலும் அந்தப் பலகை தொங்குகிறது. அடுத்தமுறை பிள்ளையைக் கூட்டிவரப் போகும்போது உள்ளே சற்று எட்டிப் பாருங்கள். அலுமாரி பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா? அதற்குப் பூட்டு இருக்கிறதா?