லிங்கனின் மேசைக்கு வந்த கடிதங்கள்

அடிமைகளை விடுவித்தவர், நாடகக் கொட்டகையில் சுடப்பட்டவர். ஆபிரகாம் லிங்கனைப் பற்றி நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது அவ்வளவுதான். கணக்கு வேலையிலேயே காலம் கழித்த எமக்கு, 1861 முதல் 1865 வரையான உள்நாட்டுப் போரின் நடுவே அவர் அன்றாடம் கடதாசிகளோடு பட்ட பாடுதான் இப்போது பெரிதாகத் தெரிகிறது.

வெள்ளை மாளிகையின் மேல்மாடியில் அவரது அலுவலகம். நாளொன்றுக்கு 200, 300 கடிதங்கள் வரும். உத்தியோகம் கேட்போர், மகனைப் படையிலிருந்து விடுவிக்கச் சொல்லும் தாய்மார், கொலை மிரட்டல் விடுப்போர் எனப் பல வகை. பிரித்துப் படிக்க ஜோன் நிக்கொலே, ஜோன் ஹே என்ற இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். சட்டப்படி ஒரு செயலாளருக்குத்தான் சம்பளம் உண்டு. ஆகவே ஹேயை உள்துறையில் எழுதுவினைஞராகப் பதிந்து இங்கே வேலைக்கு விட்டார்கள். (அரசாங்கக் கணக்கில் இந்த வித்தை எங்கும் உண்டு!) வந்த கடிதங்களில் ஐம்பதில் ஒன்றைக்கூட லிங்கன் படித்ததில்லை என்று ஹே பின்னாளில் எழுதினார். அகதி விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு ஆண்டுக்கணக்கில் தபாற்காரனைப் பார்த்திருந்த எமக்கு, மற்ற 49 பேரின் நினைவுதான் முதலில் வந்தது.

மாளிகையில் தந்திக் கருவி கிடையாது. பக்கத்திலிருந்த போர்த் திணைக்களத்துக்கு நடந்துபோய், லாச்சியைத் திறந்து தந்திப் பிரதிகளை ஒவ்வொன்றாகப் படிப்பார். சண்டை நடக்கும் நாட்களில் இரவிரவாக அங்கேயே இருப்பார். 1862 பெப்ரவரியில் 11 வயது மகன் வில்லி காய்ச்சலில் இறந்தான். அதன் பின்னும் இந்த நடை நிற்கவில்லை.

1863 ஜூலையில் கெட்டிஸ்பேர்க்கில் வென்ற ஜெனரல் மீட், பின்வாங்கிய எதிரியைத் தப்பவிட்டார். லிங்கன் கடுங்கோபத்தோடு அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். பிறகு, கையெழுத்திடவுமில்லை, அனுப்பவுமில்லை என்று உறையில் குறித்து வைத்துவிட்டார்.

அதே மாதம் ஒருநாள் 6 மணித்தியாலம் இருந்து இராணுவ நீதிமன்றத் தீர்ப்புகளைப் பார்த்தார். பயந்து ஓடிய சிப்பாய்களைச் சுட்டுக்கொல்ல அவருக்கு மனமில்லை. மன்னிக்கக் காரணம் தேடுவார். தளபதிகளுக்கு இது பிடிக்கவில்லை.

ஆனால் இன்னொரு கோப்பும் இருக்கிறது. 1862இல் மினசோட்டாவில் கிளர்ந்தெழுந்த டகோட்டா பழங்குடியினரில் 303 பேருக்கு இராணுவ ஆணைக்குழு மரண தண்டனை விதித்தது. சில விசாரணைகள் சில நிமிடங்களில் முடிந்தவை. லிங்கன் ஏடுகளை வரவழைத்து, இருவரைக் கொண்டு ஆராய்வித்து, 39 பெயர்களை மட்டும் தன் கையாலேயே எழுதி அனுப்பினார். கடைசியில் ஒருவர் தப்பினார். டிசம்பர் 26 அன்று 38 பேரை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். மற்றவர்களைக் காப்பாற்றினார் என்று அவரைப் புகழ்வோர் உண்டு, அதுவும் உண்மையே. ஆனாலும் அமெரிக்காவில் ஒரே நாளில் இத்தனை பேரைத் தூக்கிலிட்டது வேறெப்போதும் இல்லை. அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு இவர் கணக்கை எம்மால் முடிக்க முடியவில்லை.

1865 ஏப்ரல் 15 காலை அவர் இறந்தார். கடதாசிகளை மூத்த மகன் ரொபேர்ட் பொத்தி வைத்திருந்து, தான் இறந்து 21 ஆண்டுகள் கழியும் வரை திறக்கக் கூடாதென்ற நிபந்தனையோடு காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுத்தார். 1947 ஜூலையில் திறந்தார்கள். அவற்றுள் பெரும்பகுதி, மற்றவர்கள் அவருக்கு எழுதிய கடிதங்கள்.